வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பில் ஸ்ட்ரைக்கராக (கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரராக) ஆட: கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழித்துணை

போன மாதம் ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் மணலைத் தட்டிக்கொண்டே வந்து போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம். மேலே ஏதோ ஓர் ஐரோப்பிய கிளப்பின் சின்னம், கீழே ஒரு கையெழுத்து. பதினைந்து நாள் ட்ரையலாம் (அணியில் எடுக்கலாமா என்று பார்க்கும் சோதனை), கட்டணம் 1,80,000 ரூபாயாம், விசாவை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். "அம்மா நகையை வைக்கிறேன்னு சொல்லிட்டாங்கண்ணே, போகட்டுமா?" என்றான். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். "அப்ப எப்படித்தாண்ணே போறது?" என்று அடுத்துக் கேட்டான் பாருங்கள், அதற்குத்தான் அந்த இடத்தில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. சென்னை டிவிஷன் லீக்கில் சில வருடம், மாலத்தீவில் ஒரு சீசன், அவ்வளவுதான். கோல்கீப்பரிடம் ஏமாந்ததைவிடக் காகிதத்தில் ஏமாந்ததுதான் அதிகம். அதனால் இதில் பந்தைவிடக் காகிதம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் பந்திலிருந்தே தொடங்குகிறேன்.

செவன்ஸ் பழக்கத்தைக் கழற்றுங்கள்

நம் பக்கத்து ஸ்ட்ரைக்கர்கள் உருவாவது செவன்ஸ் டோர்னமென்ட்டில். சின்ன மைதானம், சின்ன கோல், பெரும்பாலும் ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும்போதே டிஃபென்டர்களைத் தாண்டி நிற்கும் தவறு) பார்ப்பதில்லை. அதனால் ஃபார்வர்டு என்றால் கீப்பர் பக்கத்தில் போய் நின்றுகொள்பவன் என்றே பழகிவிடுகிறோம். சென்னையில் நான் ஆடிய முதல் பதினொருவர் ஆட்டத்தில் இடைவேளைக்குள் ஐந்து முறை ஆஃப்சைடு கொடி ஏறியது. ஆறாவது முறை நான் ஓடவே இல்லை, பயத்தில் நின்றுவிட்டேன். பந்து என்னைத் தாண்டிப் போனது. கோச் அப்போதே மாற்றிவிட்டார்.

இதைச் சரிசெய்ய ஒரு நண்பனும் ஒரு கயிறும் போதும். கயிற்றைத் தரையில் குறுக்கே போடுங்கள். அதுதான் டிஃபென்டர்களின் கோடு. பாஸ் கொடுப்பவன் இருபது மீட்டர் தள்ளி நிற்கட்டும். நேராக முன்னால் ஓடாமல் முதலில் கயிற்றுக்கு இணையாகப் பக்கவாட்டில் இரண்டு மூன்று எட்டு வையுங்கள். அவன் அடிக்கிற கால் பின்னால் போகிற நொடியில் வளைந்து உள்ளே வெட்டுங்கள். பந்து கிளம்பும்போது உங்கள் தோள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். முதல் வாரம் பத்துக்கு ஏழு தப்பும். இரண்டு மாதத்தில் கண் பார்க்காமலே கால் சொல்லிவிடும். வெளிநாட்டு கோச்சுகள் ட்ரையலில் முதலில் கவனிப்பது இதைத்தான், பந்து உங்களிடம் இல்லாதபோது என்ன செய்கிறீர்கள் என்பதை. பந்து கையில் கிடைத்தால் நாம் எல்லோருமே ராஜாதானே.

அப்புறம் மணல். பீச்சில் ஓடினால் கெண்டைக்கால் இரும்பாகும், நல்லது. ஆனால் மணலில் விழுந்த பந்து செத்துவிடும், எழும்பாது. அங்கே மட்டும் ஆடினால் ஃபர்ஸ்ட் டச் (வரும் பந்தை முதல் தொடலிலேயே அடக்குவது) வராது. வாரத்தில் நான்கு நாளாவது கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், மஞ்சக்குப்பம் மைதானம், புதுச்சேரி என்றால் உப்பளம், லாஸ்பேட்டை என்று கெட்டித் தரைக்குப் போங்கள். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கெட்டித் தரையில் பந்து குதிக்கும். ஐரோப்பாவில் ஆட்டத்துக்கு முன் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பார்கள், பந்து சறுக்கிக்கொண்டு விர்ரென்று வரும். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் ஊரே வீட்டில் முடங்கியிருக்கும். புல் உள்ள இடம் தேடிப் போய்ப் பழக அதைவிட நல்ல நாள் கிடையாது.

ஃபினிஷிங் பற்றி ஒன்று மட்டும். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. பெனால்டி பாக்ஸ் கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர். பெரிய லீக்குகளில் விழும் கோல்களில் பெரும்பாலானவை இந்தப் பெட்டிக்குள்ளிருந்து அடித்தவை, அதிலும் ஒரே தொடலில் அடித்தவை நிறைய. நம் பையன்கள் பழகுவதோ முப்பது மீட்டர் ராக்கெட். ரீல்ஸுக்கு அது நன்றாக இருக்கும். வேலை வாங்கித் தராது.

பிறந்த தேதியும் பதிவும்

பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. நம் ஊரில் இது சர்வசாதாரணம். வெளிநாடு போக நினைக்கும் ஆட்டக்காரருக்கு இது விஷம். வயது குறைத்து அண்டர்-15, அண்டர்-17 ஆடினால் போதும் என்று சில கோச்சுகளே யோசனை சொல்வார்கள். மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்து வயதைக் கணிக்கும் சோதனை இந்தியாவிலேயே வந்துவிட்டது. மாட்டினால் தடை. மாட்டாவிட்டாலும் இரண்டு தேதியோடு பாஸ்போர்ட் அலுவலகத்தில் அலைவதற்கே ஒரு வருடம் போய்விடும். முதல் வேலையாக எல்லாக் காகிதத்திலும் பெயர், தந்தை பெயர், தேதி மூன்றையும் ஒன்றாக்குங்கள். இன்ஷியலை விரித்து எழுதுவதும் இதில் சேர்த்தி.

பத்தாம் வகுப்பை முடித்துவிடுங்கள். படிப்பின் பெருமைக்காகச் சொல்லவில்லை. பத்தாவது பாஸ் செய்யாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளியேற அனுமதி தேவை என்ற முத்திரை விழும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அங்கெல்லாம் வேலைக்குப் போக நீங்கள் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். நமக்கு முதலில் கதவு திறக்கக்கூடிய லீக்குகள் சில அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன.

அடுத்தது கிளப் பதிவு. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் சி.ஆர்.எஸ். என்ற மையப் பதிவு ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் கிளப் உங்களை அதில் ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றால் விடாதீர்கள். 12 வயதிலிருந்து எந்தெந்த கிளப்பில் இருந்தீர்கள் என்ற வரலாறுதான் நாளைக்கு உங்கள் ஆட்டக்காரர் பாஸ்போர்ட் என்று ஃபிஃபா கணினியில் நிற்கும். இதில் கிளப்புக்கும் ஆதாயம் உண்டு. ஒப்பந்தம் முடியும் முன்பே உங்களை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விற்றால் அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்படும். பந்து வாங்கத் தெருத்தெருவாக வசூல் செய்த நம்மூர் கிளப்புக்கும் அதில் பங்கு வரும், பதிவு இருந்தால். இதை எடுத்துச் சொன்னால் எந்தச் செயலாளரும் சுறுசுறுப்பாகிவிடுவார்.

கடலூர்ப் பையன்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. முக்கால் மணி பஸ் பயணத்தில் புதுச்சேரி, அங்கேயும் ஒரு லீக். ஆனால் அது வேறு சங்கம். தமிழ்நாட்டுப் பதிவை முறையாக மாற்றாமல் அங்கேயும் கையெழுத்துப் போட்டால் இரட்டைப் பதிவு. இன்னொன்று, ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், ஆனால் இரண்டு கிளப்புக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். நண்பன் கூப்பிட்டான் என்று ஒரு ஆட்டம் ஆடி, அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு நின்றவர்கள் உண்டு.

வீடியோ

சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு நிமிடத் தொகுப்பு ஒன்று, முழு ஆட்டம் இரண்டு. தொகுப்பில் முதல் முப்பது விநாடிக்குள் மூன்று கோல் வந்துவிட வேண்டும். பின்னணியில் பாட்டு வேண்டாம். ஒவ்வொரு காட்சியிலும் நீங்கள் யார் என்று ஒரு வட்டம் போடுங்கள். முழு ஆட்டத்தில் ஒன்று உங்கள் அணி தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். பந்து வராத நாளில் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்க்கத்தான் அதைக் கேட்பார்கள். கேமராவை உயரமான இடத்தில் வையுங்கள். அண்ணா விளையாட்டரங்கத்தில் படிக்கட்டு மேடையின் உச்சிப்படி சரியாக இருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் தொடையும் தூசியும்தான் தெரியும்.

18 வயதும் புதுச்சேரி வீட்டு பிரெஞ்சு பாஸ்போர்ட்டும்

18 வயது ஆகாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது. இது ஃபிஃபா விதி. விலக்குகள் சிலதான். நம் பக்கத்துக்குப் பொருந்துவது ஒன்று: பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோயிருந்தால் பிள்ளையைப் பதியலாம்.

புதுச்சேரியில் இது வெறும் சட்டப் புத்தக விஷயம் இல்லை. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்), சித்தப்பா பாரிஸ் பக்கத்தில், அத்தை வேறு ஊரில் என்று பாதித் தெருவுக்குக் கதை இருக்கும். "பையனைச் சித்தப்பா வீட்டில் விட்டால் அங்கே கிளப்பில் சேர்ந்துவிடுவான்" என்று நினைப்பார்கள். முடியாது. விதி சொல்வது பெற்றோரை. அப்பா அம்மா வேலைக்காகப் போய்க் கூடவே பிள்ளையும் போனால் மட்டும்தான் அந்தக் கதவு.

சரி, பிள்ளையிடமே பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க உள்ளூர்க்காரர் கணக்கில் வருவார். வேலை அனுமதி தேவையில்லை, வெளிநாட்டவருக்கான இடக் கட்டுப்பாடும் தொடாது. இது பெரிய வரம். ஆனால் இந்திய அணிக்கு ஆட இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும், இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இதற்குப் போதாது. ஜப்பானில் பிறந்த அரட்டா இஸுமி அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். இரண்டில் எது என்று குடும்பமாக உட்கார்ந்து 16, 17 வயதிலேயே பேசிவிடுவது நல்லது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லாதவருக்கும் பிரான்ஸில் ஒரு வழி உண்டு, யாரும் அதிகம் பேசாத வழி. 18 முடிந்து அங்கே படிக்கப் போவது. மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். வார இறுதியில் ஊர் கிளப்பில் அமெச்சூராக ஆடலாம். கீழ்மட்ட லீக்குகள் மாவட்டம், மண்டலம் என்று படிப்படியாக ஏறிப்போகின்றன. வாரம் மூன்று பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அங்கே இருபது கோல் அடித்தவனை மேல் லீக் கிளப் கண்ணால் பார்க்கும். இங்கிருந்து அனுப்பிய வீடியோவுக்கு அந்த மதிப்பு வராது. புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் மொழி படித்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை வழியும் இதே மாதிரிதான். ஆனால் அங்கே குறி வைப்பவர்கள் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள், கல்லூரி ஆட்டத்துக்கான தகுதியையே அது கெடுத்துவிடக்கூடும்.

எந்த நாடு

2009இல் சுனில் சேத்ரியை லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. ஆட்டக்காரர் தயார், கிளப் தயார். பிரிட்டன் வேலை அனுமதி கொடுக்கவில்லை. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடத்துக்குள் இல்லை என்பதுதான் காரணம். மறு வருடம் அவர் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போனார், 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணிக்கு. இந்தியாவுக்காக 90க்கு மேல் கோல் அடித்தவருக்கே கதை இது. ஆக, நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி லீக் எவ்வளவு பெரியது என்பதல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே வேலை அனுமதி கிடைக்குமா, ஓர் அணியில் எத்தனை வெளிநாட்டவர், ஆசியருக்குத் தனி இடம் உண்டா என்பவைதான் கேள்வி.

ஸ்ட்ரைக்கருக்கு இதில் இன்னொரு தலைவலி. எந்த நாட்டிலும் வெளிநாட்டு இடத்தை முதலில் ஸ்ட்ரைக்கருக்குத்தான் செலவழிப்பார்கள். அது நமக்கு நல்லது மாதிரி தெரியும். ஆனால் அந்த ஒரு நாற்காலிக்குப் பிரேசில்காரர், நைஜீரியாக்காரர், செர்பியாக்காரர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கோல் வராமல் மூன்று ஆட்டம் போனால் முதலில் மாற்றுவதும் அந்த நாற்காலியைத்தான்.

இந்திய ஸ்ட்ரைக்கர் பாய்ச்சுங் பூட்டியா 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனார். பிற்பாடு மலேசியாவில் பெராக்கிலும் ஆடினார். ஐரோப்பாவுக்குப் போய்விட்டு ஆசியாவுக்கு வருவதை நம் ஆட்கள் இறக்கம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்ட்ரைக்கர் என்பவர் ஆடினால்தான் ஸ்ட்ரைக்கர். 2021இல் டிஃபென்டர் சந்தேஷ் ஜிங்கன் குரோஷியாவின் ஷிபெனிக்கில் சேர்ந்தார். காயம்பட்டு, ஒரு ஆட்டம்கூட ஆடாமலே திரும்ப வேண்டியிருந்தது. பெரிய ஊரின் பெஞ்சா, சின்ன ஊரின் மைதானமா என்று கேட்டால் மைதானம் என்றுதான் என் தம்பிகளுக்குச் சொல்வேன்.

பெண்களுக்கு இன்றைய நிலைமை கொஞ்சம் மேல் என்றே நினைக்கிறேன். மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸில் சேர்ந்தபோது அவருக்கு வயது 29. ஊரில் போலீஸ் வேலை இருந்தது. மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்பல்லோன் அணிக்காக ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினார், அங்கே ஆடிய முதல் இந்தியர் அவர்தான். நம் கடலூரின் இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் இந்தியாவுக்கு ஆடுபவர், தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். தங்கச்சிகள் இதைக் கவனியுங்கள்: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, வெளியே போக வாய்ப்பு வந்தால் அதிலிருந்து விடுப்பு. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. 2025இல் ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனே தள்ளிப்போய் நின்றபோது, கையில் வேலை வைத்திருந்தவர்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஏஜென்ட்

நிஜ கிளப் ட்ரையலுக்குப் பணம் கேட்காது. இதை வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு இருக்கிறது. உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்திலேயே கிடைக்கும், பெயரைப் போட்டுப் பாருங்கள். அவரோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. கிளப்பிலிருந்து கடிதம் வந்தால் அதில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். கிளப்பின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். சில்வர் பீச் பையனின் கடிதத்தை அப்படித்தான் கேட்டோம். இரண்டு நாளில் பதில் வந்தது, "இப்படி யாரும் எங்களிடம் இல்லை" என்று.

சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துகொள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். பாஸ்போர்ட்டை பத்திரமாக வைக்கிறேன் கொடு என்பார்கள். இரண்டில் எதைக் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இறங்கிய மறுநாள் காலை கிளப் அலுவலகத்தில் ஆறு பக்கம் நீட்டினார்கள். சம்பளம் டாலரில் எழுதியிருந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன். இரண்டு பிரதி, இரண்டையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை, வெட்கம். முதல் மாதம் சம்பளம் வந்தது, உள்ளூர் ருஃபியாவில். "வங்கியில் டாலர் தட்டுப்பாடு, மதிப்பு ஒன்றுதானே" என்றார் கணக்காளர். அங்கே சாப்பிட ஒன்றுதான். வீட்டுக்கு அனுப்பப் போனபோதுதான் தெரிந்தது ஒன்றில்லை என்று. வெளியே மாற்றினால் கையைக் கடிக்கும் விலை. மூன்றாம் மாதம் அதுவும் வரவில்லை. கேட்டால் நாளைக்கு. நான்காம் மாதமும் நாளைக்கு. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

அன்றைக்குத் தெரியாமல் பிறகு தெரிந்துகொண்டவை இவை. கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும், குறைந்தது போனில் படமாவது இருக்க வேண்டும். எந்த நாணயம், எந்தத் தேதி, எந்த நாட்டு வங்கிக் கணக்கு, வரி பிடித்த பிறகா முன்பா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். "வீடு தரப்படும்" என்றால் தனி அறையா, ஆறு பேரா? எனக்கு ஆறு பேர். போகவர டிக்கெட், காயம்பட்டால் சிகிச்சை, காயத்தில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம், கோலுக்கு ஊக்கத்தொகை என எல்லாமே எழுத்தில். கோல் ஊக்கத்தொகையைக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பார்கள், ஸ்ட்ரைக்கர்களிடம் மட்டும் நடக்கும் வியாபாரம் அது. நம் எல்லோருக்கும் நாம் இருபது கோல் அடிப்போம் என்ற நம்பிக்கைதான். அடிப்படையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதியில் இடமில்லை. அந்தச் சோதனையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் முடிய வேண்டியவை. சம்பளம் இரண்டு மாதம் பாக்கி நின்றால், கிளப்புக்கு எழுத்தில் அறிவித்து குறைந்தது 15 நாள் கெடு கொடுங்கள். அப்போதும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உங்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் புலம்புவது வேறு, தேதி போட்ட மின்னஞ்சல் வேறு. அப்புறம் ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். ஆட்டக்காரருக்கு அங்கே கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இந்தியாவில் ஆட்டக்காரர் சங்கம் ஒன்று 2006இலிருந்து இருக்கிறது, எஃப்.பி.ஏ.ஐ. என்று. கையெழுத்துக்கு முன்பே அவர்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

கையெழுத்தானதும் ஐ.டி.சி. என்ற சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும். அந்த நாட்டுச் சங்கம் நம் சங்கத்திடம் கணினி வழியாகக் கேட்கும், நம் சங்கம் கொடுக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அது அவர் பைக்குத்தான். 23 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு இன்னொன்று: பயிற்சி இழப்பீடு என்று புதிய கிளப் உங்கள் பழைய கிளப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டி வரலாம். சின்ன வெளிநாட்டு கிளப் இதற்குப் பயந்தே பின்வாங்கும். பழைய கிளப் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் அதை முன்கூட்டியே கடிதமாக வாங்கி வையுங்கள். பெண்கள் கால்பந்துக்கு இந்த இழப்பீடு இல்லை.

போன பிறகு முதல் மாதம்

மைதானத்து மொழியில் பத்துச் சொல் போதும். ஆனால் அந்தப் பத்தும் முதல் வாரத்திலேயே வேண்டும். பிரான்ஸில் பின்னால் ஆள் வந்தால் "சா வியான்" என்று கத்துவார்கள், யாரும் இல்லாவிட்டால் "ஸோல்". இது புரியாமல் திரும்பினால் டிஃபென்டர் காலோடு எடுத்துவிடுவான், கூட்டாளியும் அடுத்த முறை பாஸ் தர மாட்டான்.

சாப்பாட்டில் நான் பட்டது குறைவு. மாலேயில் காலையில் மாஸ் ஹுனி தருவார்கள். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்து, தொட்டுக்கொள்ள ரொட்டி. கடலூர் துறைமுகத்துப் பையனுக்கு இது அம்மா வீடுதான், நம்மூர் மாசிக் கருவாட்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டுக்குப் போனவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். வார்ம்-அப்பைப் பாதியாக்கிக்கொண்டு முதல் ஓட்டத்திலேயே தொடை நரம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. இங்கே பத்து நிமிடம் என்றால் அங்கே இருபத்தைந்து. பூட்ஸும் இரண்டு ஜோடி: இயற்கைப் புல்லுக்கு வாங்கியது செயற்கைப் புல்லில் காலை மாட்டி முழங்காலைத் திருகிவிடும்.

மருந்தில் கவனம். ஊரிலிருந்து லேகியம், சளி மாத்திரை, ஜிம்மில் வாங்கிய பவுடர் எதையும் பெட்டியில் போடாதீர்கள். சாதாரணச் சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஆட்ட நாளில் அளவு மீறினால் ஊக்கமருந்துக் கணக்கில் வரும். "எனக்குத் தெரியாது" என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். எது விழுங்கினாலும் அணி மருத்துவரிடம் காட்டிவிட்டு.

திரும்பி வரும்போது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஐ.டி.சி. ஒருவழிப் பாதை அல்ல, திரும்பும்போதும் அது வேண்டும். நான் சம்பளப் பாக்கியோடு ஊர் வந்து சேர்ந்து, மறு வாரமே பழைய கிளப்புக்கு ஆடலாம் என்று நினைத்தேன். என் பதிவு மாலத்தீவிலேயே கிடந்தது. இங்கே மாற்றுக் காலம் (கிளப்புகள் புதிய ஆட்டக்காரர்களைப் பதியும் காலம்) முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு அதில் சலுகை உண்டு. ஆனால் என் ஒப்பந்தம் எப்போது முடிந்தது என்று காட்ட என்னிடம் தாள் இல்லையே. இரண்டரை மாதம் மஞ்சக்குப்பம் மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து, அடுத்தவர் அடிக்கிற கோலுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

எனவே டிக்கெட் எடுக்கும் முன் நான்கு தாள் வாங்குங்கள்: ஒப்பந்தம் முடிந்ததாக கிளப்பின் கடிதம், பாக்கி எவ்வளவு என்ற கணக்கு, அந்த நாட்டில் வரி பிடித்ததற்கான சான்று, மருத்துவப் பதிவுகள். வேலைக்காக வெளிநாடு போய், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்திருந்தால் வரிக் கணக்கே மாறும், நல்ல ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். நான்கில் முதல் தாளை மட்டும் விமான நிலையம் போகும் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அலுவலகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.